சிறுவர் கால்பந்துப் பயிற்சி: ஒரு பிள்ளையின் காலில் பந்து எத்தனை முறை படுகிறது?

மாலை நாலரை மணி, செம்மண் மைதானம். இருபது பிள்ளைகள் இரண்டு வரிசையாக நிற்கிறார்கள். முன்னால் நிற்பவன் பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடி, கோலைப் பார்த்து உதைக்கிறான். பிறகு பந்தை எடுத்துவந்து அடுத்தவனிடம் கொடுத்துவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றுகொள்கிறான். பார்க்க ஒழுங்காக இருக்கிறது, பெற்றோருக்கும் பிடிக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓடி, உதைத்து, பந்தை மீட்டுவர 15 நொடி. வரிசையில் பத்துப் பேர். ஒருவனுக்கு மறுபடி முறை வர 150 நொடி, அதாவது இரண்டரை நிமிடம். இருபது நிமிடம் இப்படி ஓடினால் அவனுக்குக் கிடைப்பது எட்டு முறை. ஒவ்வொரு முறையும் நான்கு தடவை பந்து காலில் பட்டால் மொத்தம் 32. மீதி நேரமெல்லாம் முன்னால் இருப்பவன் சட்டையை இழுப்பதிலும் மண்ணைக் காலால் கிளறுவதிலும் போய்விடுகிறது.

அதே பிள்ளைக்குத் தனியாக ஒரு பந்தைக் கொடுத்து மூன்று நிமிடம் விடுங்கள். நொடிக்கு ஒரு தொடுதல் என்று குறைத்து வைத்துக்கொண்டாலும் 180.

6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கும் எவரும் ஒரு ட்ரில்லை, அதாவது திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு பயிற்சியைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: ஒரு பிள்ளையின் காலில் பந்து எத்தனை முறை படும்? அடுத்த கேள்வி, அந்தப் பிள்ளை ஏதாவது முடிவெடுக்கிறதா என்பது. அடையாளத்துக்கு வைக்கும் கோன்கள் (பிளாஸ்டிக் கூம்புகள்) ஆறை நட்டு வளைந்து வளைந்து ஓட்டும் பயிற்சியில் முடிவு எதுவும் இல்லை. கோன் நகராது, பந்தைப் பறிக்கவும் வராது. கோன்களுக்கிடையே அழகாக ஓட்டும் பையன் எதிரே ஒரு ஆள் வந்ததும் திகைத்து நிற்பது இதனால்தான். எப்போது திரும்புவது, எந்தப் பக்கம் போவது, விடுவதா வைத்துக்கொள்வதா என்று அவன் ஒருநாளும் யோசித்ததே இல்லை. கோன் பயிற்சியே கூடாது என்பதல்ல. புதிதாக ஒரு திருப்பத்தைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும், அதற்குமேல் வேண்டாம்.

பந்தும் தரையும்

பெரும்பாலும் பள்ளி அலமாரியில் கிடப்பது 5-ஆம் எண் பந்துதான். சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., எடை 410 முதல் 450 கிராம். இது 13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. எட்டு வயதுப் பிள்ளையின் பாதம் அந்தப் பந்துக்குப் போதாது. பாதத்தின் உட்பக்கத்தால் தட்டினால் பந்து தூரம் போகாது, ஆகவே நுனிக்காலால் குத்தத் தொடங்கும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு விடுவிப்பது பெரும்பாடு. 8 வயது வரை 3-ஆம் எண், 9 முதல் 12 வரை 4-ஆம் எண் வாங்குங்கள். நல்ல பந்து நான்கு வாங்கும் பணத்தில் சாதாரண ரப்பர் மோல்டட் பந்து பத்து வாங்க முடிந்தால் பத்தையே வாங்குங்கள். சரளையும் செம்மண்ணும் கலந்த தரையில் தையல் போட்ட பளபளப்பான பந்தின் தோல் சீக்கிரம் உரிந்துவிடும். ரப்பர் பந்து தாங்கும்.

காய்ந்து இறுகிய தரையில் பந்து அதிகம் எகிறும். காற்றைக் கொஞ்சம் குறைத்தே அடியுங்கள், கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக உள்ளே போக வேண்டும். பம்பு ஊசியைத் தண்ணீரில் நனைத்துவிட்டுச் செருகுங்கள். காய்ந்த ஊசி வால்வை உள்ளே தள்ளிவிடும், பிறகு பந்து எந்நேரமும் காற்றிறங்கியே கிடக்கும். வெயிலில் கிடந்த பந்து உப்பியிருக்கும், அதைப் பார்த்துக் காற்று சரியாக இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம்.

நம் பக்கத்து மைதானங்களின் ஓரமெல்லாம் சீமைக்கருவேல முள், தரையெல்லாம் நெருஞ்சி. பிள்ளைகளில் பாதிப் பேர் வெறுங்காலில் வருவார்கள். ஆகவே தொடங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் எல்லோரையும் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரே கோடாக நிறுத்தி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை குனிந்து நடக்கவிடுங்கள். முள், கண்ணாடித் துண்டு, உடைந்த டைல்ஸ் என்று கிடைப்பதையெல்லாம் ஒரு வாளியில் போட வேண்டும். கண்ணாடியைப் பார்த்தால் தொடாமல் கையைத் தூக்கினால் போதும், எடுப்பது பெரியவர் வேலை.

பூட்ஸ் போட்டவனையும் வெறுங்கால் பிள்ளையையும் ஒரே பந்துக்கு மோதவிடக் கூடாது. பூட்ஸின் அடியில் இருக்கும் ஸ்டட் என்ற குமிழ் காலில் ஏறினால் விரல் நகம் பெயர்ந்துவிடும். இரண்டு குழுவாகப் பிரிக்கலாம், அல்லது அன்றைக்கு எல்லோரும் கான்வாஸ் ஷூ அல்லது வெறுங்கால் என்று முடிவெடுக்கலாம். கோடு போட கோலமாவு போதும். சுண்ணாம்புத் தூள் கண்ணில் விழுந்தால் ஆபத்து, வெறுங்காலையும் அரிக்கும். கோலுக்குச் செங்கலை நட வேண்டாம். விழுகிற பிள்ளையின் நெற்றி அதில்தான் படும். தண்ணீர் நிரப்பிய பழைய பிளாஸ்டிக் பாட்டில்கள் இரண்டு போதும். தூக்கி வைக்கும் இரும்பு கோல்போஸ்ட் இருந்தால் பின்கம்பியில் மணல் மூட்டை வைத்துக் கட்டிய பிறகே பிள்ளைகளைப் பக்கத்தில் விடுங்கள். தொங்கினால் அது முன்னால் கவிழும்.

வெயில்

சித்திரை, வைகாசியில் மதுரை வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்த மாதங்களில் காலை 6 மணிக்குத் தொடங்கி 7.15-க்குள் முடித்துவிட வேண்டும். மற்ற மாதங்களில் மாலை நாலரைக்கு மேல். பத்து வயதுக்குக் கீழே 60 நிமிடம், பன்னிரண்டு வரை 75 நிமிடம் போதும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர். தாகம் எடுத்தால் வந்து குடி என்று விடாதீர்கள். விளையாட்டு சுவாரசியத்தில் பிள்ளை வராது, நாம்தான் விசில் அடிக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து ஒரு குடத்தில் வைத்திருப்பது நல்லது. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் தெரிந்தால் உடனே நிழலில் படுக்கவைத்து, ஈரத்துணியால் உடம்பெல்லாம் துடைத்து விசிறுங்கள். பேச்சு குழறினாலோ கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வந்தாலோ உடம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள், காத்திருக்கக் கூடாது.

தொடக்கத்தில் மைதானத்தைச் சுற்றி மூன்று ரவுண்டு ஓடவைப்பது நம் ஊரில் ஊறிப்போன வழக்கம். அது வேண்டாம். பந்தோடு ஓடினாலே உடம்பு சூடாகும். தாமதமாக வந்தவனுக்குத் தண்டனையாக ஓட்டம், தோப்புக்கரணம் என்று கொடுப்பதும் அப்படியே. ஓடுவதுதான் இந்த விளையாட்டின் உயிர். அதையே தண்டனையாக்கினால் பிள்ளைக்கு அதன்மேல் வெறுப்புத்தான் வரும்.

கல்லா மண்ணா

பந்தை ஓட்டிச் செல்லும் டிரிப்ளிங்கைச் சொல்லிக்கொடுக்க, பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த தெரு விளையாட்டையே எடுத்துக்கொள்ளலாம். நீட்டிவைக்கும் பெரிய எட்டு ஒன்றை ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டு, 20க்கு 20 எட்டில் ஒரு சதுரம் போடுங்கள். அதற்குள் அங்கங்கே 2க்கு 2 எட்டில் நான்கு சின்னக் கட்டங்கள். கட்டம் கல், மற்ற இடமெல்லாம் மண். பன்னிரண்டு பிள்ளைகள், ஆளுக்கொரு பந்து. பந்து இல்லாமல் இரண்டு பேர் பிடிப்பவர்கள், அடையாளத்துக்குக் கையில் ஒரு கைக்குட்டை கட்டிக்கொள்ளட்டும். மண்ணில் இருப்பவரின் பந்தை, பிடிப்பவர்கள் தட்டி வெளியே விடலாம். கல்லுக்குள் போய் உள்ளங்காலால் பந்தை மிதித்து நிறுத்தினால் தொட முடியாது. ஆனால் ஒரு கல்லில் ஒருவர்தான், அதுவும் ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணும் வரைதான். அதற்குள் இன்னொருவர் வந்துவிட்டால் முன்னவர் கிளம்ப வேண்டும். 90 நொடி ஒரு ஆட்டம், பிறகு பிடிப்பவர்கள் மாறுவார்கள்.

பந்து வெளியே போன பிள்ளையை "நீ அவுட்" என்று உட்காரவைக்காதீர்கள். முதலில் அவுட் ஆவது பந்தைக் கட்டுப்படுத்தத் தெரியாத பிள்ளை, யாருக்குப் பயிற்சி அதிகம் வேண்டுமோ அந்தப் பிள்ளை. அது பந்தை எடுத்துவந்து, இரண்டு பாதத்தாலும் மாற்றி மாற்றிப் பந்தின் உச்சியைப் பத்துமுறை தொட்டுவிட்டு மறுபடி உள்ளே வரட்டும்.

இந்த ஒரு விளையாட்டில் என்னென்ன கோணலாகும் என்று பார்த்தால் பயிற்சியை அமைக்கும் வித்தையே பிடிபட்டுவிடும். பிள்ளைகள் பந்தை நான்கு எட்டு முன்னால் உதைத்துவிட்டுத் துரத்துகிறார்களா? இடம் பெரிது, அதனால்தான். சதுரத்தை 15க்கு 15 ஆக்குங்கள், தொடுதல் தானாகச் சிறிதாகும். எல்லோரும் கல்லின் ஓரத்திலேயே சுற்றுகிறார்களா? கல்லை இரண்டாகக் குறையுங்கள். பிடிப்பவர்கள் கல்லுக்குப் பக்கத்திலேயே காவல் நிற்கிறார்களா? கல்லிலிருந்து இரண்டு எட்டுக்குள் நிற்கக் கூடாது என்று ஒரு விதி சேருங்கள். ஐந்து நொடிக்கு ஒரு பந்து வெளியே போகிறதா? பிடிப்பவர் ஒருவர் போதும். யாருக்குமே பந்து போகவில்லையா? மூன்று பேரை விடுங்கள். இடம், ஆள், நேரம், விதி என்ற இந்த நான்கையும் கூட்டிக் குறைப்பதுதான் பயிற்சியாளரின் வேலை. வாயால் "கிட்ட வச்சு ஓட்டு, கிட்ட வச்சு ஓட்டு" என்று அரைமணி நேரம் கத்துவதைவிடச் சதுரத்தை ஐந்து எட்டு சுருக்குவது நன்றாக வேலை செய்யும்.

பிள்ளைகள் தலை குனிந்தே ஓட்டுவார்கள். அதற்கு ஒரு எளிய வழி: நடுநடுவே கையைத் தூக்கி விரல்களைக் காட்டுங்கள், எத்தனை விரல் என்று ஓட்டிக்கொண்டே சொல்ல வேண்டும். இரண்டாவது வாரத்தில் பாதிப் பேராவது தலையைத் தூக்கத் தொடங்குவார்கள்.

பாஸ்: ஊன்றிய காலைப் பாருங்கள்

பாஸ் கோணலாகப் போனால் எல்லோரும் உதைக்கும் காலையே பார்ப்பார்கள். தவறு பெரும்பாலும் மற்றக் காலில் இருக்கும். ஊன்றிய கால் பந்துக்குப் பக்கவாட்டில், அரைச் சாண் தள்ளி, விரல்நுனி பந்து போக வேண்டிய திசையைப் பார்த்து இருக்க வேண்டும். அது பந்துக்குப் பின்னால் இருந்தால் உடம்பு பின்னால் சாயும், பந்து மேலே எழும்பும். பந்தைத் தாண்டி முன்னால் போய்விட்டால் பந்து காலுக்கடியில் மாட்டும். முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும். உதைக்கும் பாதத்தின் விரல்நுனி வெளிப்பக்கம் திரும்பி, சற்றே மேல்நோக்கி, கணுக்கால் இறுகி இருக்க வேண்டும். கணுக்கால் தொளதொளவென்று இருந்தால் பந்துக்கு வேகமும் வராது, திசையும் நிற்காது. கணுக்காலுக்கும் பெருவிரலுக்கும் நடுவில் உள்ள அகன்ற பகுதி பந்தின் நடுவில் படவேண்டும். நன்றாகப் பட்ட பந்து தரையை ஒட்டி உருளும். துள்ளித் துள்ளிப் போனால் உச்சியில் பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இதை நின்ற இடத்தில் இரண்டு பேர் எதிரெதிரே ஐந்து எட்டுத் தூரத்தில் நான்கு நிமிடம் செய்யலாம். அதற்குப் பிறகு வாசல் விளையாட்டுக்குப் போய்விடுங்கள். அதே 20க்கு 20 சதுரத்தில், இரண்டு அடையாளங்களுக்கு நடுவே ஒன்றரை எட்டு இடைவெளி விட்டு, மொத்தம் 8 வாசல்கள். இரண்டிரண்டு பேருக்கு ஒரு பந்து. ஒருவர் வாசலுக்கு இந்தப் பக்கம், இன்னொருவர் அந்தப் பக்கம் நின்று பந்தை ஊடே அனுப்பினால் ஒரு புள்ளி, உடனே வேறு வாசலுக்கு ஓட வேண்டும். ஒரு நிமிடத்தில் எத்தனை என்று எண்ணி, மறுபடி அதே ஜோடி தன் கணக்கைத் தானே முந்தப் பார்க்கட்டும். வலதுகால் ஒரு சுற்று, இடதுகால் ஒரு சுற்று. எந்த வாசல் காலியாக இருக்கிறது என்று தேடும்போது தலை நிமிர்கிறது, "இங்கிட்டு, இங்கிட்டு" என்று கூப்பிடும்போது பேச்சும் வருகிறது. எதிரெதிரே நின்று நூறு பாஸ் போட்டாலும் இது வராது.

பந்தை வாங்கும் பிள்ளை அதை அப்படியே காலடியில் நிறுத்தக் கூடாது. அடுத்து எங்கே போக வேண்டுமோ அந்தப் பக்கம் ஒரு எட்டுத் தள்ளி விழும்படி மெதுவாக வாங்க வேண்டும். பந்து வரும்போது பாதத்தை அதனோடு சேர்த்துச் சிறிது பின்னால் இழுத்துக்கொண்டால் பந்து அடங்கும். சுவரில் பட்டதுபோல எகிறிப் போனால் பாதம் விறைப்பாக இருக்கிறது.

நாலுக்கு ஒன்று

இந்த விளையாட்டை ஸ்பெயினில் ரோந்தோ என்று சொல்வார்கள், பார்சிலோனா அணியின் பயிற்சியில் பேர்பெற்றது. 10க்கு 10 எட்டுச் சதுரத்தின் நான்கு பக்கத்தில் நாலு பேர், நடுவில் ஒருவர். வெளியே இருப்பவர்கள் நடுவில் இருப்பவருக்குக் கிடைக்காமல் பந்தைச் சுற்றிவிட வேண்டும். பழகப் பழக 8க்கு 8 ஆகக் குறைக்கலாம். பிள்ளைகள் மூலையில் போய் நிற்பார்கள். மூலையில் நின்றால் பந்து வாங்க ஒரு வழி அடைபட்டுவிடும். பக்கத்தின் நடுவில் நின்று, பந்து போகும் பக்கம் இரண்டு எட்டு நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

தவறு செய்தவர்தான் நடுவில் போக வேண்டும் என்பது பரவலான விதி. சிறு பிள்ளைகளுக்கு அது வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. தடுமாறும் ஒரே பிள்ளை திரும்பத் திரும்ப நடுவில் போய், எல்லோரும் சிரிக்க, அடுத்த நாள் பயிற்சிக்கே வராமல் போகும். 40 நொடிக்கு ஒருமுறை முறைவைத்து மாற்றுங்கள். நடுவில் இருப்பவர் அந்த நேரத்துக்குள் எத்தனை பந்தைத் தொட்டார் என்று எண்ணினால் அதுவும் ஒரு போட்டியாகிவிடும்.

நாலு கோல் ஆட்டம்

ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் வெல்லத்தை ஈ மொய்ப்பதுபோல் பந்தை மொய்ப்பார்கள். "நீ லெப்ட், நீ பேக், நகராதே" என்று கட்டிப்போட்டால் நின்ற பிள்ளை சும்மா நிற்கும், அவ்வளவுதான். 30க்கு 20 எட்டு மைதானத்தில் நான்குக்கு நான்கு ஆடவிடுங்கள், கோல்கீப்பர் வேண்டாம். ஒவ்வொரு அணிக்கும் எதிர்க்கோட்டின் இரு மூலையிலும் இரண்டு எட்டு அகலத்தில் ஒரு கோல், ஆக மைதானத்தில் நாலு கோல். ஒரு கோல் பக்கம் கூட்டம் கூடினால் மற்றது காலியாக இருக்கும். அதைக் கண்டுபிடித்துப் பந்தைத் திருப்பும் பிள்ளை தானாகவே இடம் பிரித்து ஆடக் கற்றுக்கொள்கிறது. 4 நிமிடம் ஆட்டம், 1 நிமிடம் ஓய்வு, நான்கு முறை. பந்து வெளியே போனால் த்ரோ வேண்டாம், காலால் உருட்டி உள்ளே விட்டால் போதும், நேரம் மிச்சம். ஓரத்தில் மூன்று பந்துகள் தயாராக இருந்தால் துரத்திப்போய் எடுத்துவரும் நேரமும் மிஞ்சும்.

பதினாறு பிள்ளைகள் இருந்தால் எட்டுப் பேருக்கு எட்டுப் பேர் என்று ஒரே ஆட்டம் வேண்டாம், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நாலுக்கு நாலு ஆட்டம். பதினேழாவது பிள்ளை வந்துவிட்டால்? அதை எப்போதும் பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆடும் பொதுவான ஆளாக விடுங்கள், 3 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். யாரும் ஓரத்தில் உட்காரக் கூடாது. 60 நிமிடத்தில் குறைந்தது 20 நிமிடம் இந்த ஆட்டத்துக்கே போக வேண்டும். நேரம் போதவில்லை என்றால் மற்றதைக் குறையுங்கள், இதைத் தொடாதீர்கள்.

ஆட்டத்தின்போது பயிற்சியாளர் பேச்சைக் குறைக்க வேண்டும். "பாஸ் பண்ணு, ஷூட் பண்ணு" என்று ஒவ்வொரு நொடியும் சொன்னால் முடிவெடுப்பது நம் மூளை, பிள்ளையின் கால் மட்டும் ஆடும். சொல்ல வேண்டியிருந்தால் விசில் அடித்து நிறுத்தி, அரை நிமிடத்துக்குள் ஒரே ஒரு விஷயம். அதையும் கேள்வியாகக் கேட்டால் நல்லது: "தம்பி, இப்ப எந்தக் கோல் காலியா இருந்துச்சு?" கோட்டுக்கு வெளியே நிற்கும் அப்பாக்களுக்கும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள். கைதட்டலாம், பேர் சொல்லி உற்சாகப்படுத்தலாம், எங்கே உதைப்பது என்று சொல்லக் கூடாது.

தலையால் முட்டுவதை இந்த வயதில் பயிற்சியில் சேர்க்க வேண்டாம். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2020-இல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளின் பயிற்சியில் ஹெட்டிங் கூடாது என்று வழிகாட்டியது. அமெரிக்காவிலும் பத்து வயது வரை தடை உண்டு. மூளை வளரும் வயது, கழுத்துத் தசையும் பலமாக இருக்காது.

பெண் பிள்ளைகளைத் தனியாக ஓரம்கட்டாமல் 12 வயது வரை சேர்ந்தே ஆடவிடலாம், உடல்பலத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. மதுரையின் சேது எஃப்.சி. பெண்கள் அணி 2019-இல் இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்றது. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ஃபுட்பால்" என்று கேட்கும் வீட்டில் அதைச் சொல்லுங்கள். அப்படியும் தயங்கினால், பயிற்சி எத்தனை மணிக்கு முடியும், இருட்டுவதற்குள் யார் கொண்டுவந்து விடுவார் என்று தெளிவாகச் சொன்னால் பாதித் தயக்கம் போய்விடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மைதானம் சேறாகிவிடும். பந்து உருளாது, வழுக்கும். அந்த நாட்களில் பாஸ் விளையாட்டை விட்டுவிட்டு, பள்ளியின் சிமென்ட் முற்றத்திலோ கூரையடித்த மேடையிலோ பந்தை மேலே தட்டித் தட்டித் தரையில் விழாமல் வைத்துக்கொள்ளும் ஜக்ளிங் செய்யலாம். தொடக்கத்தில் ஒரு தட்டு, ஒரு துள்ளல், மறுபடி ஒரு தட்டு. புறங்காலால், அதாவது ஷூ லேஸ் கட்டும் இடத்தால் தட்ட வேண்டும். நுனிக்காலால் தட்டினால் பந்து சுழன்று முகத்துக்கு வரும். ஆளுக்கு ஒரு நோட்டில் தேதி போட்டு, அன்றைய அதிகபட்ச எண்ணிக்கையை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். சிமென்டில் வழுக்கி விழாமல் இருக்க, ஈரம் துடைத்த இடத்தில் மட்டும், ஓடாமல், நின்ற இடத்திலேயே.